இருபது அடி டயானா

டயானாவின் நெற்றி மட்டும் இரண்டடி இருந்தது.

அது யாருடைய நெற்றி என்று வளனுக்கு முதலில் தெரியவில்லை. ஃப்ளெக்ஸ் மெஷின் அங்குலம் அங்குலமாகத்தான் துப்பும். காலையிலிருந்து அது இரண்டு காதணி விழாவையும் ஒரு புதுமனை புகுவிழாவையும் துப்பி முடித்திருந்தது. அடுத்தது ஜவுளிக்கடை பேனர். வளன் டீயை ஊதிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். கூந்தல் வந்தது. நெற்றி வந்தது. இடது புருவம் வந்தது. புருவத்தின் ஓரத்தில் அரையடி நீளத்துக்கு ஒரு தழும்பு வந்தது.

டீ வாய்க்குப் போகாமல் வழியிலேயே நின்றது.

அந்தத் தழும்பை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் கோயில் கொடிமரத்தில் ஓடிப்போய் முட்டிக்கொண்டது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்போது அது ஒரு நெல்மணி அளவுதான் இருந்தது.

பிறகு கண்கள் வந்தன. இரண்டும் அவனைப் பார்க்கவில்லை. வலது பக்கமாக, பேனரின் விளிம்பைத் தாண்டி, வெளியே எதையோ பார்த்தன. எதையோ இல்லை, யாரையோ. ஒரு பொருளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள் என்பது உதடு வரும்போது உறுதியாயிற்று. வளன் சிவப்புப் பட்டனை அமுக்கி மெஷினை நிறுத்தினான்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் 'வளன் டிஜிட்டல்ஸ்'. முன்பக்கம் போட்டோ ஸ்டுடியோ, பின்பக்கம் ஃப்ளெக்ஸ். 2013 தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சுப்பராயலு சில்க்ஸுக்கு அது இருபதாவது வருடம். வாத்தியார் பாக்கியசாமியின் ஒரே மகள் டயானா அந்தக் கடையில் சேலை செக்ஷனில் நிற்கிறவள். அவளுக்கும் வளனுக்கும் இரண்டு மாதத்துக்கு முன்னால் நிச்சயம் ஆகியிருந்தது. வருகிற ஞாயிறு மாதா கோயிலில் முதல் ஓலை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை சொல்ல யாரும் இல்லையென்றால் கல்யாணம்.

தடை இப்போது மெஷினில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

பேனர் டிசைன் வல்லரசுவிடமிருந்து வந்திருந்தது. வளனும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. வல்லரசு சென்னைக்குப் போய் ஒரு ஃபேஷன் போட்டோகிராஃபரிடம் இரண்டு வருடம் அசிஸ்டெண்டாக இருந்துவிட்டு, கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தவன். திண்டிவனம் வெயிலில் கழுத்தில் துணி சுற்றிய ஒரே ஆள் அவன்தான். அவன் ஃபேஸ்புக்கில் போட்டோ போட்டால் முந்நூறு பேர் லைக் போடுவார்கள். வளன் போட்டால் அவன் அத்தை மகன் வேங்கடேசன் மட்டும் போடுவான், அதுவும் மறுநாள்.

வளன் போன் போட்டான்.

"மச்சான், பிரிண்டு ஆயிடுச்சா?" என்றான் வல்லரசு.

"யார்டா இது?"

"உன் ஆளுதான். செமயா கீதுல்ல? டிசைன் பூரா என் வொர்க்கு."

"கேமராவப் பாக்கலயே."

"அதான் ஃபேஷன் மச்சான். கேமராவப் பாத்தா அது வோட்டர் ஐடி."

"எங்க பாக்கறா?"

"ஃப்ரேமுக்கு வெளிய."

"வெளிய யார் இருக்காங்க?"

"அத பாக்கறவங்க கற்பனைக்கு உட்டுடணும்."

வளனின் கற்பனை அன்று காலை ஒன்பதரை மணிக்கு வேலையை ஆரம்பித்தது. அதன் பிறகு சாப்பிடக்கூட நிறுத்தவில்லை.

போட்டோவைப் பற்றி வளனுக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. காது இரண்டும் தெரிய வேண்டும். கண் கேமராவைப் பார்க்க வேண்டும். முகத்தில் எந்த இடமும் இருட்டாக இருக்கக் கூடாது, இருந்தால் எடுத்தவனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். பின்னால் அருவியோ மாளிகையோ எது வைத்தாலும் முழுசாகத் தெரிய வேண்டும், காசு கொடுத்தவன் கலங்கலாகத் தெரிகிற அருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? பத்திரிகையில் வருகிற ஃபேஷன் பெண்களைப் பார்த்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று நாள் சாப்பிடாத மாதிரியும் இருப்பார்கள், சாப்பிடக் கூப்பிட்டவன் மேல் கோபமாக இருக்கிற மாதிரியும் இருப்பார்கள்.

ஆனால் இந்த டயானா அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட்டு, ஒரே ஒரு காது தெரிந்து, எல்லா விதியையும் மீறி, அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். அவன் எடுத்த நிச்சயதார்த்த ஆல்பத்தில் நூற்றிருபது போட்டோ இருந்தது. அதில் எல்லாவற்றிலும் டயானாவுக்கு இரண்டு காது. ஒன்றில்கூட இந்தச் சிரிப்பு இல்லை.

மத்தியானம் கடைக்குப் போனான். டயானா சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரப் பாத்துக்கினு இருக்க?" என்றான்.

"உங்களத்தான். முன்னால வந்து நின்னா வேற யாரப் பாக்கறது?"

"இப்ப இல்ல. பேனர் போட்டோல."

மடிக்கிற கை நின்றது. டயானாவின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது.

"அதக்கூட நான் வாயத் தொறந்து சொல்லணுமா?"

"சொல்லு."

"போங்க. கஸ்டமர் நிக்கறாங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். வளன் திரும்பி வரும் வழியெல்லாம் கூட்டிக் கழித்தான். சிவந்தாள், அப்படியென்றால் ஆள் இருக்கிறான். சொல்ல வேண்டுமா என்றாள், அப்படியென்றால் ஊருக்கே தெரிந்திருக்கிறது. சிரித்தாள், அப்படியென்றால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பேனரை அடிக்காமல் இருக்க முடியாது. முதலாளி சுப்பராயலு, சாயங்காலத்துக்குள் அது மேம்பாலத்தடியில் நின்றாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடிக்கத்தான் வேண்டும், ஆனால் அவள் பார்க்கிற இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று யார் சொன்னது?

எந்தக் கடை பேனரிலும் மூலையில் ஒரு முட்டை வடிவத்துக்குள் முதலாளி இருப்பார். இதிலும் இடது மூலையில் சுப்பராயலு இருந்தார். வயது அறுபத்திரண்டு, வெள்ளை மீசை, நெற்றியில் நாமம். வளன் அவரை அப்படியே பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வலது ஓரத்தில், டயானாவின் கண் போய் விழுகிற சரியான இடத்தில் வைத்தான். இனி அவள் எவனையும் பார்க்கவில்லை. பார்த்தால் பெரியவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு முதல் முறையாக அவனுக்குப் பசித்தது.

மறுநாள் காலை ஸ்டுடியோ கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. சுப்பராயலுவின் மனைவி முனியம்மாள் நின்றாள்.

"யப்பா, அந்தப் பொண்ணு எங்க வூட்டுக்காரர ஏன் அப்பிடி பாக்குது?"

"அது வியாபாரத்துக்குங்கம்மா. ஃபேஷன்."

"முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தறேன். நான் ஒருநாள் அவர அப்பிடி பாத்ததில்ல."

"அம்மா…"

"அவரு வேற காலையில இருந்து அந்தப் பேனருக்கு அடியிலயே போய் நின்னுக்கினு கீறாரு. கேட்டா டிராபிக்கப் பாக்கறேன்றாரு."

அரை மணி நேரத்தில் சுப்பராயலு போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் முனியம்மாள் இருக்கிறாள் என்று தெரிந்தது.

"தம்பி, என் போட்டோவத் தூக்கிடு. அந்தப் பொண்ணு மூஞ்சியில இருக்கற பளபளப்பையும் கொஞ்சம் கொறச்சிடு. அம்மா சொல்றாங்க."

"கொறச்சிடறேன் மொதலாளி. மொத்தமாவே எடுத்துடட்டுமா? கருப்பு வெள்ள பண்ணிடறேன். மெட்ராசுல பெரிய பெரிய பத்திரிகையில எல்லாம் இப்ப அதான் ஸ்டைலு."

"நீ சொன்னா சரி. ஆனா ஜல்தியா பண்ணு."

தன் வாயிலிருந்து வல்லரசுவின் வசனம் வந்தது வளனுக்கே கசந்தது. ஆனாலும் வேலை இனித்தது. நிறத்தை எடுத்தவுடன் டயானாவின் கன்னத்திலிருந்த சிவப்பு செத்தது. முதலாளி இருந்த இடம் மறுபடி காலியாகிவிடாமல் அங்கே கடையின் வயதைப் பெரிய எழுத்தில் போட்டான்: 1993 – 2013. அவள் இனி கணக்கைப் பார்க்கட்டும். அப்படியும் மனசு ஆறவில்லை. ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கழுத்தை வேறு பார்ப்பானே. கழுத்தைச் சுற்றி ஒரு பூ பார்டர் போட்டு மூடினான். கடைப் பெயரை அடியில் சின்னதாக, அடக்கமாகப் போட்டான். சாயங்காலமே பழையது இறங்கிப் புதியது ஏறியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்கள் விடியற்காலையிலிருந்தே வரிசையாகத் திண்டிவனத்தைத் தாண்டிப் போயின. மேம்பாலத்துக்கிட்டே வரும்போது ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னலெல்லாம் தலை. தலையெல்லாம் "ச்சு ச்சு" என்றது.

"இருவது வயசுதான் போல."

"என்னா களையான மூஞ்சி. என்னாவாம்?"

"தெரியல. பாவம், பெத்தவங்க."

எட்டு மணிக்குப் பேனர் கம்பத்தில் யாரோ ஒரு முழம் பூ கட்டியிருந்தார்கள். எட்டேகாலுக்கு ஊதுபத்தி. எட்டரைக்கு வளனுக்குப் போன் வந்தது. உபதேசியார் சவுரிராயன். கோயிலில் மணி அடிப்பதிலிருந்து ஓலை நோட்டில் கையெழுத்து வாங்குவது வரை எல்லாம் அவர்தான்.

"தம்பி, மனச தேத்திக்க."

"எதுக்குங்க?"

"துக்க மணி அடிக்கலாமான்னு பங்குச் சாமியாரு கேக்கச் சொன்னாரு. அந்த ஞாயித்துக்கெழம ஓலைய நிறுத்தி வச்சிடறேன்."

"யாருக்கு மணி?"

மறுமுனையில் உபதேசியார் பக்கத்தில் யாரிடமோ, "பையனுக்கு இன்னும் சொல்லல போல" என்பது கேட்டது.

வளன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தான். அவன் உள்ளே நுழையும்போது சேலை கவுண்ட்டர் முன்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பிரம்மதேசத்துப் பச்சைமுத்து. கையில் ஒரு ரோஜா மாலை. டயானா தலையைத் தூக்காமல் பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, வாத்தியார் பாக்கியசாமி வூடு எந்தப் பக்கம்?"

"நேராப் போயி, தண்ணி டேங்குகிட்ட திரும்பினா பச்ச கேட்டு. எதுக்குங்க?"

"பொண்ணு தவறிடுச்சாம்மா. அவரும் நானும் ஒண்ணா வேல பாத்தவங்க."

"எந்தப் பொண்ணு? அவருக்கு ஒரே பொண்ணுதான?"

"அந்த ஒரே பொண்ணுதாம்மா."

டயானா மாலையைப் பார்த்தாள். பச்சைமுத்து அப்போதுதான் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். மாலை கையிலிருந்து நழுவி ஒரு பட்டுச் சேலை மேல் விழுந்தது. அவரும் பின்னாலேயே விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது முதலில் தெரிந்தது டயானாவின் முகம்தான் என்பதால் இன்னொரு முறை விழுந்தார்.

"என்னா தம்பி பண்ணி வச்சிருக்கற?" சுப்பராயலு வளனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "என் கடை பேரு கண்ணுக்கே தெரியல. ஊரே சாவு பேனர்ன்னுது. எதுனா எழுதி ஒட்டு, ஜல்தி."

வளன் ஸ்டுடியோவுக்கு ஓடினான். என்ன எழுதினால் சாவு போகும்? யோசிக்க நேரமில்லை. ஒரு மணி நேரத்தில் பேனருக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை ஒன்று ஏறியது:

'இவர் நலமாக இருக்கிறார். எங்கள் கடையில் வேலை செய்கிறார்.'

அதன் பிறகு பஸ்களில் போகிறவர்கள் 'ச்சு' கொட்டவில்லை. இறங்கினார்கள்.

"செத்துப் பொழச்ச பொண்ணு எந்த செக்ஷன்?" என்று வாசலிலேயே கேட்டார்கள். மேல்மலையனூர் போய்த் திரும்புகிற கூட்டம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையால் திருநீறு வைக்கச் சொன்னது. நான் வேதக்காரப் பொண்ணுங்க என்றாள். பரவாயில்லம்மா, நீ போய்ட்டு வந்தவ என்றார்கள். வந்தவர்கள் வெறும் கையோடு போக வெட்கப்பட்டு ஆளுக்கொரு சேலை எடுத்தார்கள். சுப்பராயலு வளன் தோளைத் தட்டி, "வருசா வருசம் இப்பிடியே போட்டுடு தம்பி" என்றார்.

விழுப்புரத்திலிருந்து வந்த காலேஜ் பையன்கள் நான்கு பேர் சேலை வாங்குவது போல் நின்று அவளைச் செல்போனில் படம் பிடித்தார்கள். வளன் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தான். நேற்றுவரை ஃப்ரேமுக்கு வெளியே ஒரே ஒருத்தன்தான் இருந்தான். இன்றைக்கு மாவட்டமே இருந்தது.

சனிக்கிழமை காலை டயானா ஸ்டுடியோவுக்கு வந்தாள். பின்னாலேயே வல்லரசு, கையில் லேப்டாப்போடு. கழுத்துத் துணியைக் கழற்றி முகம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என் கலரப் பூரா வெளுத்துட்டியேடா" என்றான். "ஒரு பூ பார்டர் போட்டிருக்கற பாரு. கல்லறையில வைக்கற வளையம் மாதிரி. எனக்கு மெட்ராசுல இருந்தெல்லாம் போன் வருது, யார் செத்ததுன்னு."

டயானா அவனைக் கையால் தள்ளி நிறுத்தினாள்.

"நான் ஒண்ணுதான் கேக்கணும். தெரியாமப் பண்ணதா, தெரிஞ்சி பண்ணதா?"

வளன் பொய் சொல்லியிருக்கலாம். மூன்று நாளாகத் தூங்காதவனுக்குப் பொய் சொல்லத் தெம்பு வேண்டும்.

"நீ யாரப் பாத்துச் சிரிச்சன்னு சொல்லியிருந்தா இதெல்லாம் நடந்திருக்காது."

"அதுக்காக என்ன சாவடிச்சீங்களா?"

"சாவடிக்கல. கலர் மட்டுந்தான் எடுத்தேன்."

"எங்கப்பாவுக்கு நேத்து மட்டும் நாப்பது பேரு ஆறுதல் சொல்லியிருக்காங்க. நான் பக்கத்துல நிக்கும்போதே."

"இவன்தான எடுத்தான்?" வளன் வல்லரசுவைக் காட்டினான். "இவன பாத்துத்தான சிரிச்ச?"

"என்னையா?" வல்லரசு பதறிப்போனான். "நான் வெறும் டிசைன்டா. போட்டோ இந்தப் பொண்ணே குடுத்துச்சு. கடைக்கு ஒரு போட்டோ வேணும்னேன், ஜெபப் புத்தகத்துக்குள்ள இருந்து எடுத்து நீட்டுச்சு. ஸ்கேன் பண்ணி, பக்கத்துல நிக்கறவங்கள வெட்டிட்டு, புடவைக்குக் கலர் மாத்துனேன். எவன் எடுத்தானோ, லைட்டு வச்சிருக்கான் பாரு, ஒரு பக்கமா, பால் ஊத்துன மாதிரி. மெட்ராசுலயே ரெண்டு பேருக்குத்தான் இது வரும். இந்த ஊர்ல இப்பிடி ஒருத்தன் இருக்கான்னா நான் கடைய மூடிட்டுப் போறேன்."

வல்லரசு உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்து காட்டிய படத்தை வளன் பார்த்தான். வல்லரசு என்றால்கூடப் பரவாயில்லை, பெயர் தெரியும், வீடு தெரியும். இது யாரோ. அவள் தினமும் ஜெபம் பண்ணுகிற புத்தகத்துக்குள் வைத்துப் பூட்டி வைத்த யாரோ. அதோடு, ஒத்துக்கொள்ள மனசில்லாவிட்டாலும், வெளிச்சம் போடத் தெரிந்த யாரோ.

"சொல்லு டயானா. யார் அது?"

டயானா அவனை நேராகப் பார்த்தாள். அவன் ஆல்பத்தில் பார்த்த மாதிரி, இரண்டு காதும் தெரிய. சிரிப்பு இல்லை.

"ஊரே எனக்காக அழுதப்ப எனக்கு ஒண்ணும் ஆவல. இப்பதான் என்னமோ ஆவுது" என்றாள். "யாரப் பாத்தேன்னு உங்களுக்குத் தெரியலன்னா, நாளைக்கு அந்த ஓலையில என் பேரு வேணாம்."

"சர்வேசுரனுக்கு தோத்திரம்" என்று கதவைத் திறந்துகொண்டு சவுரிராயன் உள்ளே வந்தார். கக்கத்தில் ஓலை நோட்டு. "அதான் பொண்ணு உசுரோட இருக்கில்ல, அப்ப ஓலைய வாசிச்சிடலாம்னு சாமியாரு சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டா…"

யாரும் கையை நீட்டவில்லை. டயானா செருப்பைத் தேடினாள். உபதேசியார் ஒன்றும் புரியாமல் மூன்று முகத்தையும் பார்த்தார். பிறகு வல்லரசுவின் மடியில் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அட, இது நான் எடுத்த போட்டோவாச்சே."

டயானாவின் கால் வாசலிலேயே நின்றது. வளன் சவுரிராயனை மேலும் கீழும் பார்த்தான். அவருக்கு வயது அறுபத்தேழு, பேரன் பேத்தி எடுத்தவர், மேல் வரிசையில் மூன்று பல் இல்லை.

"உபதேசியாரே," என்றான், "நீங்களா?"

"பட்டன அமுக்குனதுதாம்ப்பா நானு," என்றார் சவுரிராயன், "போன வருசத் திருவிழாவுல பாட்டுக்குழு போட்டோ எடுக்கும்போது காத்துல குடை லைட்டு சாயுதுன்னு நீதான கேமராவ எங்கிட்டக் குடுத்துட்டு அந்தாண்ட ஓடிப்போயி அதக் கட்டிப் புடிச்சிக்கினு நின்ன, நான் தொண்ட கிழியக் கத்தியும் இந்தப் பொண்ணு மட்டும் அந்தப் பக்கத்த உட்டு என்னத் திரும்பியே பாக்கல."